ஒரு பல்செட்டுக்கு எத்தனை பஸ் ஏறணும்?

இந்திய ராணுவத்துல சேரணும்னா வாயில குறைஞ்சது 14 பாயிண்ட் தேறணும்.

உயரம், மார்பு அளவு, 1,600 மீட்டர் ஓட்டம் இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. பல்லுக்கும் மார்க் உண்டுங்கிறது ஆளெடுப்புக்குப் போயிட்டு வந்தவங்களுக்குத்தான் தெரியும். கணக்கு இப்படி: முன்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப் பல் இதுக்கெல்லாம் ஒவ்வொரு பாயிண்ட். பெரிய கடைவாய்ப் பல்லுக்கு ரெண்டு. மேல்பல்லுக்கு நேரா கீழ்பல்லும் இருந்து, ரெண்டும் சேர்ந்து கடிச்சாத்தான் பாயிண்ட் சேரும். (ஜோடி இல்லாத பல் எவ்வளவு நல்லா இருந்தாலும் கணக்குல வராது.) 32 பல்லும் பழுதில்லாம இருந்தா மொத்தம் 22. அதுல 14 இல்லைன்னா, மத்த எல்லாத்துலயும் தேறினாலும் வீட்டுக்குத்தான்.

உள்ள போன பிறகும் பல்லைக் கவனிக்க ஆள் இருக்காங்க. ராணுவப் பல் மருத்துவத்துக்குன்னே ஆர்மி டென்டல் கார்ப்ஸ்னு ஒரு தனிப்பிரிவு 1941லேர்ந்து இருக்கு. பணியில இருக்கற வரைக்கும் ஒரு ஜவானுக்குப் பல்வலின்னா எங்க போறதுன்னு யோசிக்கவே வேண்டியதில்லை.

சிக்கல் ஊர் திரும்பினதுக்கு அப்புறம்தான். சிப்பாயா சேர்ந்தவருக்கு 15 வருஷ சர்வீஸ் முடிஞ்சா பென்ஷன் தகுதி வந்துடும். பதினெட்டு, இருபது வயசுல சேர்ந்தவங்கள்ல நிறைய பேர் நாற்பதை ஒட்டி ஊருக்கு வந்துடுறாங்க. மத்த அரசு ஊழியர்கள் அறுபதுல ஓய்வு பெறும்போது, இவங்க அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே பணிக்கால மருத்துவ வசதியை விட்டு வெளிய வந்தாச்சு. பல்லும் ஈறும் கெட ஆரம்பிக்கிறதும் பெரும்பாலும் அந்த நாற்பதுலேர்ந்துதான்.

வர்ற ஊரும் நகரம் இல்லை. வேலூர் மாவட்டத்துல கணியம்பாடி பக்கம் இருக்கற கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ன்னே சொல்லுவாங்க, அத்தனை வீட்டுலேர்ந்து ஆள் போயிருக்காங்க. தேனி, ராமநாதபுரம், தருமபுரி, கன்னியாகுமரின்னு மிலிட்டரிக்காரங்க நிறைஞ்ச கிராமங்க உள்ள மாவட்டம் இன்னும் பல இருக்கு. ராணுவத்துக்கு ஆள் கொடுக்கிறது இந்த ஊர்கள்தான். பல் டாக்டரோ டவுன்லதான் கிளினிக் வைப்பாரு. இந்தப் பிரச்சினை மொத்தமும் இந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு.

ஒரு முன்னாள் படைவீரரோட பல் எப்படிப் போகுதுன்னு முதல்ல பார்க்கணும்.

சொத்தைன்னா வலிக்கும், வலிச்சா ஆள் டாக்டர்கிட்ட வருவாரு. ஈறு நோய் அப்படி இல்லை. பல் தேய்க்கும்போது லேசா ரத்தம், காலையில வாய் நாத்தம், அவ்வளவுதான். வலி இல்லாததால யாரும் கண்டுக்கிறதில்லை. உள்ள பல்லைத் தாங்குற எலும்பு வருஷக் கணக்கா கரைஞ்சுகிட்டே இருக்கும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் ஆடுறது தெரியும். அந்தக் கட்டத்துல பல்லைக் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்.

சர்க்கரை வியாதி இருந்தா இது இன்னும் வேகமா நடக்கும். சர்க்கரை ஏறினா ஈறு கெடும், ஈறுல கிருமி தங்கினா சர்க்கரையும் கட்டுக்குள்ள வராது. பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கற சில மாத்திரைங்க வாயை வறள வைக்கும். எச்சில் குறைஞ்சா சொத்தை கூடும். இதுக்கு மேல வெற்றிலைப் புகையிலை, பீடி, சிகரெட். தூங்காம காவல் இருந்த காலத்துல ஒட்டிக்கிட்ட பழக்கம் பலருக்கு பென்ஷன் வாங்கின பிறகும் விடுறதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணியே ஒரு காரணம். அங்க ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியில ஃபுளோரைடு அதிகம். குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது, வேற வழியே இல்லைன்னா 1.5. அதைத் தாண்டின தண்ணியைச் சின்ன வயசுல, பல் உருவாகிட்டு இருக்கும்போதே குடிச்சவங்களுக்குப் பல்லுல பழுப்புக் கறை நிரந்தரமா நின்னுடும். கூடுதலா பாதிச்சா எனாமல் குழிஞ்சு, பொரிஞ்சு உதிரும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதுக்காகத்தான். அது இனி வளர்ற பிள்ளைங்களுக்கு உதவும். இன்னைக்கு அறுபது வயசுல இருக்கறவர் பல்லை அது மாத்தாது. கறை போகணும்னு செங்கல் பொடி, சாம்பல், உப்புன்னு போட்டு அழுத்தித் தேய்க்கிறவங்க மிச்சமிருக்கற எனாமலையும் இழந்துடுறாங்க.

சரி, அரசாங்கம் இவங்களுக்கு என்ன வச்சிருக்கு?

ஈ.சி.எச்.எஸ். முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1ல ஆரம்பிச்சது. ஒரே ஒரு தடவை பணம் கட்டினா போதும். ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, அவங்களை நம்பி இருக்கற பிள்ளைங்க, பெத்தவங்க வரைக்கும் ஆயுள் முழுக்க மருத்துவம் கிடைக்கும். 2019 மார்ச்ல இரண்டாம் உலகப்போர்க் காலத்து வீரர்கள், குறுகிய கால அதிகாரிகள், முன்கூட்டியே விலகினவங்கன்னு அதுவரை வெளிய நின்ன சிலரையும் உள்ள சேர்த்தாங்க. நாடு முழுக்க 400க்கும் மேல பாலிகிளினிக் இருக்கு. அந்தப் பகுதியில எத்தனை முன்னாள் படைவீரர் இருக்காங்கங்கிறதை வச்சு ஏ, பி, சி, டின்னு வகை பிரிச்சிருக்காங்க. டாக்டரோட சேர்த்து பல் டாக்டர் பணியிடமும், பல் சுத்தம் செய்ய உதவியாளர் பணியிடமும் அங்க உண்டு. பாலிகிளினிக்ல முடியாததுக்கு ரெஃபரல் எழுதி, திட்டத்துல சேர்ந்த தனியார் பல் கிளினிக்குக்கு அனுப்புவாங்க. அந்தச் செலவை, மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ் மருத்துவத் திட்டத்தோட கட்டணப்படி அரசு கொடுத்துடும்.

இதோட அருமை அமெரிக்காவைப் பார்த்தா புரியும். அங்க முன்னாள் படைவீரர்களுக்குன்னு தனி அமைச்சகமே இருக்கு, பிரம்மாண்டமான ஆஸ்பத்திரி வலைப்பின்னல் இருக்கு. ஆனா பல்லுன்னு வந்துட்டா முழு சிகிச்சைக்குத் தகுதி உள்ளவங்க கொஞ்சம் பேர்தான். பணியில பல்லுல காயம்பட்டு அதுக்கு இழப்பீடு வாங்குறவங்க, போர்க்கைதியா இருந்தவங்க, 100 சதவீத ஊனம்னு சான்று வாங்கினவங்க, இப்படிச் சில வகையினர். மத்தவங்க கைக்காசு போடணும், இல்லைன்னா காப்பீடு வாங்கணும். இந்தியத் திட்டத்துல அந்தப் பாகுபாடு இல்லை. ஈ.சி.எச்.எஸ் கார்டு இருந்தா பல்லும் அதுக்குள்ள அடக்கம்.

அப்போ தடை எங்க? தூரத்துல இருக்கு. அதைவிட முக்கியமா, அந்தத் தூரத்தை எத்தனை தடவை கடக்கணுங்கிறதுல இருக்கு. பல் சிகிச்சை ஊசி போட்டு, மாத்திரை வாங்கிட்டுத் திரும்பற காய்ச்சல் வைத்தியம் கிடையாது. முழுப் பல்செட்டையே எடுத்துக்கலாம்.

முதல்ல மிச்சமிருக்கற கெட்ட பல்லை எடுக்கணும். ஈறு ஆறணும், அதுக்குச் சில வாரம், சிலருக்கு மாசக் கணக்கு ஆகும். அப்புறம் ஒரு தட்டுல மாவு மாதிரிக் கலவையை வச்சு வாய்க்குள்ள அழுத்தி முதல் அச்சு எடுப்பாங்க. அதை வச்சு அவர் தாடைக்குன்னே தனித் தட்டு செஞ்சு, அடுத்த தடவை துல்லியமான ரெண்டாவது அச்சு. மூணாவது தடவை மெழுகுக் கட்டையைக் கடிக்க வச்சு, மேல்தாடையும் கீழ்தாடையும் எந்த உயரத்துல, எந்த நேர்ல சேருதுன்னு குறிச்சுக்குவாங்க. நாலாவது தடவை மெழுகுல பல்லைப் பதிச்சு வாய்ல வச்சுப் பார்ப்பாங்க. சிரிக்கச் சொல்லுவாங்க, ‘சரஸ்வதி’, ‘பம்பாய்’னு ஏதாவது வார்த்தை சொல்லச் சொல்லிக் காத்து சரியா போகுதான்னு கவனிப்பாங்க. அஞ்சாவது தடவைதான் பல்செட் கைக்கு வரும். போட்ட ரெண்டு மூணு நாள்ல எங்கயாவது உரசிப் புண்ணாகும். அதைத் தேய்ச்சு விட இன்னொரு நடை, சில சமயம் ரெண்டு. பாலிகிளினிக்ல காட்டி ரெஃபரல் வாங்குன நடை தனி.

ஜவ்வாது மலையிலேர்ந்து வேலூருக்கோ, கமுதி பக்கத்து கிராமத்துலேர்ந்து மாவட்டத் தலைநகருக்கோ வர்றவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு முழு நாள். காலையில முதல் பஸ்ஸைப் பிடிக்கணும், டோக்கன் வாங்கணும், காத்திருக்கணும். எழுபதைத் தாண்டினவருக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆளோட ஒருநாள் கூலியும் போச்சு. ஐம்பதுல இருக்கறவர்னா ஏதாவது பேங்க்லயோ, கம்பெனியிலயோ செக்யூரிட்டியா இருப்பாரு. லீவு போட்டா சம்பளம் கட்.

அதனால என்ன நடக்குது? ரூட் கெனால் செஞ்சு காப்பாத்தியிருக்க வேண்டிய பல்லைக் காட்டி, “எடுத்துடுங்க டாக்டர்”னு அவரே சொல்லிடுறாரு. எடுக்க ஒரு நடை போதும். காப்பாத்த மூணு நாலு நடை வேணும். ஒரு கடைவாய்ப் பல் போனா, அதுக்கு நேர் எதிர் பல்லும் வேலை செய்யாது. பக்கத்துப் பல் சாயும். மெல்ல முடியாம சோத்தைக் குழைச்சு, காய்கறியை ஒதுக்கி, பிஸ்கட்டும் டீயுமா சாப்பாடு மாறும். சர்க்கரை வியாதிக்காரருக்கு அதைவிட மோசமான சாப்பாடு வேற இல்லை. நடை அதிகங்கிற ஒரே காரணத்துக்காக நல்லாக்கக்கூடிய பல்லைப் பிடுங்கிப் போடறது, எந்தக் கணக்குல பார்த்தாலும் அநியாயம்.

பாலிகிளினிக் பக்கத்துலயும் சில முடிச்சு இருக்கு. பல் டாக்டர் உட்பட அங்க வேலை செய்யறவங்க ஒப்பந்தப் பணியாளர்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கற வேலை. நடுவுல டாக்டர் மாறினா பாதியில நிக்கற ரூட் கெனால் யாருது? ஒரே ஒரு பல் டாக்டர் இருக்கற இடத்துல அவர் லீவுன்னா அன்னைக்குப் பல் பிரிவே இல்லை. கம்ப்ரசர் பழுதானாலும் அதே கதைதான், காத்து இல்லாம டிரில் ஓடாது. வந்தவர் அடுத்த பஸ்ஸுல திரும்பணும். கிளம்பறதுக்கு முன்னாடியே அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்ற ஏற்பாடு இருந்தா, காசு செலவே இல்லாம ஒரு நாள் மிச்சமாகும்.

திட்டத்துல சேர்ந்த தனியார் கிளினிக்குகளுக்கும் ஒரு நியாயமான குறை உண்டு. பில் அனுப்பிப் பணம் வர்ற வரைக்கும் மாசக்கணக்குல காத்திருக்கணுங்கிற புகார் பல வருஷமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரி அதைத் தாங்கிக்கும். ஒரு நாற்காலி வச்சு தாலுகா ஊர்ல கிளினிக் நடத்துற பல் டாக்டரால தாங்க முடியாது. அவர் சேரத் தயங்குவாரு. அவர் சேரலைன்னா, திட்டத்துல சேர்ந்த கிளினிக் எல்லாம் நகரத்துலயேதான் இருக்கும். பில் பணம் சீக்கிரம் போறதுங்கிறது கணக்காளர் சமாச்சாரமா தெரியலாம், கிராமத்து நோயாளிக்கு அதுதான் பக்கத்துல டாக்டர் கிடைக்கற வழி.

இப்போ என்னென்ன செய்யலாம்னு பார்த்தா, பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படாத வேலைங்களே நிறைய இருக்கு.

முதல் வேலை நடையைக் குறைக்கிறது. எக்ஸ்ரே, சுத்தம் செய்யறது, சின்னச் சின்ன அடைப்பு எல்லாத்தையும் தூரத்துலேர்ந்து வர்றவருக்கு ஒரே நாள்ல முடிக்கலாம். ரூட் கெனாலையே பொருத்தமான பல்லுக்கு ஒரே உட்காரல்ல முடிக்கிறது இன்னைக்கு ஏத்துக்கிட்ட முறைதான். பல்செட்டுலயும் ரெண்டாவது அச்சைத் தவிர்த்து எளிமையாக்கின முறை இருக்கு. கனடாவுல பழைய முறையையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ, போட்டுக்கிட்டவங்களோட திருப்தியில குறை தெரியலை. நகரத்து நோயாளிக்கு இது ஒரு சௌகரியம். மலையிலேர்ந்து வர்றவருக்குப் பல்செட் கிடைக்குமா கிடைக்காதாங்கிறதே இதுலதான் இருக்கு.

ரெண்டாவது, மாநில அரசு ஆஸ்பத்திரிகளோட கைகோர்க்கிறது. தமிழ்நாட்டுல தாலுகா ஆஸ்பத்திரிகள்லயும், தரம் உயர்த்தின பல ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயும் பல் டாக்டர் இருக்காங்க. முன்னாள் படைவீரரும் அங்க போய் இலவசமா பார்த்துக்கலாம், யாரும் தடுக்கப் போறதில்லை. ஆனா பாலிகிளினிக்ல ஆரம்பிச்ச சிகிச்சையோட சீட்டும் எக்ஸ்ரேயும் அங்க போகாது. பல்செட் உரசற இடத்தைத் தேய்ச்சு விட, தையல் பிரிக்க, ஈறு ஆறிடுச்சான்னு பார்க்க மாவட்டத் தலைநகருக்கு எதுக்கு வரணும்? ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுல ஒரு சீட்டு போய்வந்தா போதும். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. அந்தப் பணியாளர் வீட்டு வாசலுக்கு வரும்போதே “வாயைக் காட்டுங்க ஐயா”ன்னு ஒரு டார்ச் அடிச்சுப் பார்க்கப் பழக்கினா, ஆடற பல்லும் ஆறாத புண்ணும் மாசக்கணக்குக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

மூணாவது, வண்டி. பல பல் மருத்துவக் கல்லூரிகள் நாற்காலியோட நடமாடும் கிளினிக் வச்சிருக்கு. ராணுவமும் முன்னாள் படைவீரர் பேரணிகள்ல பல் முகாம் போடுது. முகாமோட பலவீனம் என்னன்னா, அது ஒருநாள் கூத்து. பார்க்கிறாங்க, பல் எடுக்கிறாங்க, பேஸ்ட் கொடுக்கிறாங்க, போயிடுறாங்க. அடைக்க வேண்டிய பல் அடுத்த முகாம் வரைக்கும் காத்திருக்காது. அதே வண்டி அதே ஊருக்கு, சொன்ன தேதியில, மறுபடி மறுபடி வந்தாத்தான் அது வைத்தியம். மாசத்துல ஒரே கிழமைன்னு வச்சுட்டா ஒரு பல்செட்டையே ஊர்லயே முடிச்சுடலாம்.

மின்சாரமே இல்லாம செய்யக்கூடிய சிகிச்சையும் இருக்கு. 1980கள்ல தான்சானியாவுல உருவான முறையில, கைக்கருவியால மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால அடைப்பாங்க. டிரில் வேண்டாம், நிறைய பேருக்கு ஊசியும் வேண்டாம். சில்வர் டையமைன் ஃபுளோரைடுன்னு ஒரு திரவம் இருக்கு. சொத்தையில தடவினா அது பரவறது நிக்கும். (தடவின சொத்தை கறுப்பாயிடும், அதை முன்னாடியே சொல்லிடணும்.) 2021ல உலக சுகாதார நிறுவனம் அந்த சிமென்ட்டையும் இந்தத் திரவத்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. படுத்த படுக்கையா இருக்கற முதியவருக்குக் கட்டில்லயே செய்யக்கூடிய வைத்தியம் இது.

அதே 2021 மே மாசம் பாதுகாப்பு அமைச்சகம் ‘சேஹத்’னு ஒரு இணைய ஓ.பி. ஆரம்பிச்சது. படைவீரர்களும் முன்னாள் படைவீரர்களும் வீட்லேர்ந்தே டாக்டர்கிட்ட பேசலாம். பல்லைப் போன் வழியா அடைக்க முடியாது, வாஸ்தவம். ஆனா பேரனோட போன்ல எடுத்த நாலு போட்டோவை முதல்லயே பார்த்துட்டா, “நேரா வாங்க, அன்னைக்கே எடுத்துடலாம், சர்க்கரை ரிப்போர்ட்டோட வாங்க”ன்னு சொல்லலாம். வெறுமனே சொல்லக் கேக்கறதுக்காகப் போற அந்த முதல் நடை மிச்சம்.

பல்செட்டுக்கு அரசு காசு கொடுக்கறதுல பக்கத்து மாநிலங்கள் வழி காட்டியிருக்கு. கேரளாவுல ‘மந்தஹாசம்’, கர்நாடகத்துல ‘தந்த பாக்ய’. ரெண்டும் ஏழை முதியவங்களுக்கு இலவசப் பல்செட் திட்டம். முதியவரால மென்னு சாப்பிட முடியறது ஆடம்பரம் கிடையாதுன்னு ரெண்டு மாநில அரசு எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கு.

இத்தனையிலும் விட்டுப்போறவங்க ரெண்டு பேர். ஒருத்தர் படைவீரரோட மனைவி. கார்டுல அவங்க பேரும் இருக்கு, உரிமையும் அதேதான். ஆனா புருஷன் இருக்கும்போது அவருக்குத் துணையா டவுனுக்கு வர்றவங்க, தன் பல்லைக் காட்டறதில்லை. அவர் போன பிறகு பஸ் ஏறவே ஆள் இல்லாம நின்னுடுறாங்க. முகாம் அறிவிப்புல ‘முன்னாள் படைவீரர்கள்’னு மட்டும் போடாம ‘மனைவியர், கைம்பெண்கள்’னு தனியா போடணும், அவங்களை வரவைக்க ஆள் அனுப்பணும்.

இன்னொருத்தர் அக்னிவீர். 2022ல அறிவிச்ச அக்னிபத் திட்டத்துல நாலு வருஷம் முடிச்சு வெளிய வர்றவங்கள்ல 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் ராணுவத்துல தொடர முடியும். மத்தவங்களுக்கு சேவா நிதின்னு ஒரு மொத்தத் தொகை கிடைக்கும். பென்ஷன் கிடையாது, ஈ.சி.எச்.எஸ்ஸும் கிடையாது. அதே கிராமத்துக்கு, கார்டு இல்லாம வருவாங்க. அவங்களுக்கு இப்போ இருக்கற ஒரே வழி தாலுகா ஆஸ்பத்திரிதான், அதனாலயே அந்தப் பல் பிரிவுகளை பலப்படுத்தறது அவசரம்.

திட்டம் மாறுற வரைக்கும் வீட்ல செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கு. ஒவ்வொரு நடையிலயும் எக்ஸ்ரேயையும் சீட்டையும் கேட்டு வாங்கி ஒரே கவர்ல வச்சுக்கிட்டா, டாக்டர் மாறினாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம். கிளம்பறதுக்கு முந்தின நாள் பாலிகிளினிக்குக்குப் போன் பண்ணி பல் டாக்டர் இருக்காரான்னு கேட்டுக்கணும். பல்செட்டை ராத்திரி கழட்டி, சாதாரணத் தண்ணியில போட்டு வைக்கணும். வெந்நீர்ல போட்டா வளைஞ்சுடும், அப்புறம் மறுபடி அஞ்சு நடை. வாய்ல வெள்ளைத் திட்டோ புண்ணோ ரெண்டு வாரம் தாண்டியும் ஆறலைன்னா, அதுவும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்னா, முகாமுக்கோ அடுத்த பென்ஷன் தேதிக்கோ காத்திருக்காம அந்த வாரமே பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில காட்டிடணும்.